பத்துப் பவுண்டும் பத்துப் பவுனும்: அடிலெய்டில் ஏழு நாள்

நாள் 1, ஞாயிறு

மதுரையில் வண்டி ஏறும்போது 38 டிகிரி. அடிலெய்டு விமான நிலையக் கதவு திறந்தபோது 9 டிகிரி. ஜூலை இங்கே குளிர்காலம் என்று மகள் போனில் நாலு தடவை சொல்லியிருந்தாள். சொன்னால் புரிந்துவிடுமா? குல்லாய்க்குள் இருந்து கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், ரோஜாச் செடிக்குக் கத்தரி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உள்ளே போனால் இன்னும் குளிரும், பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டத் தெரியாது. மான்செஸ்டரில் என் தங்கை வீட்டில் ஜனவரியில் அரைக்கை ரவிக்கையோடு உட்காரலாம்" என்றார்.

உள்ளே போனோம். பாட்டி சொன்னது உண்மை.

"அவங்க பத்துப் பவுண்டு ஆள் அப்பா. பத்துப் பவுண்டு கட்டிக் கப்பல்ல வந்தவங்க" என்றாள் மகள். இங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் மனைவி காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. "பத்துப் பவுன் போட்டா அனுப்பினாங்க? அந்தக் காலத்துல அது பெரிய சீர்தான்" என்றாள். தங்கத்தை நாம் பவுன் கணக்கில் சொல்வதே வெள்ளைக்காரனின் பவுண்டிலிருந்து வந்த வழக்கம் என்பதால் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விஷயம் தலைகீழ். பெண் வீட்டார் பவுன் போடவில்லை. மாப்பிள்ளை வீடான ஆஸ்திரேலியாதான் செலவில் பெரும்பகுதியை ஏற்று அழைத்துக்கொண்டது.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான். யார் எங்கே போகிறார்கள் என்று தெரியும். ஏன் போகிறார்கள் என்று கேட்டதில்லை. இந்த ஒரு வாரம் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நாள் 2, திங்கள்

கின்டோர் அவென்யூவில் குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய காலத்தில் அது ஆதரவற்றோர் விடுதி. 1986-ல் அருங்காட்சியகமாக்கினார்கள். முற்றத்தில் தரைக்கற்களில் பெயரும் வந்த வருஷமும் பொறித்திருக்கிறது. மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பெயரை மிதிக்கக் கூடாதாம். கல்லோ ஐஸ் கட்டி மாதிரி சில்லென்றிருந்தது. பத்தடி நடந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1945-ல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 75 லட்சத்துக்கும் குறைவு. மூன்று வருஷம் முன்புதான் ஜப்பான் டார்வின் நகரத்தில் குண்டு போட்டிருந்தது. இவ்வளவு பெரிய நிலத்தை இத்தனை பேரை வைத்துக்கொண்டு காப்பாற்ற முடியாது என்ற பயம் பிடித்துக்கொண்டது. 'ஆளைப் பெருக்கு, இல்லையேல் அழிவு' என்பதுதான் அன்றைய கோஷம். குடியேற்றத்துக்கென்றே ஓர் அமைச்சகம் வந்தது. முதல் அமைச்சர் ஆர்தர் கால்வெல். எத்தனை அயல்நாட்டவர் வந்தாலும் ஒருவருக்குப் பத்துப் பிரிட்டிஷ்காரர் என்ற கணக்கில் வருவார்கள் என்று மக்களுக்கு வாக்குக் கொடுத்தார்.

பிரிட்டனிலிருந்து வரும் கப்பலுக்குப் பெரியவர்களுக்கு 10 பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். சொந்தச் செலவில் வந்தால் 100 பவுண்டுக்கு மேல் ஆகும். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு வருஷம் இருக்க வேண்டும். அதற்குள் ஊருக்குப் போவதென்றால் அரசு கொடுத்த பயணச் செலவைக் கட்டிவிட்டு, திரும்பும் டிக்கெட்டையும் சொந்தக் காசில் எடுக்க வேண்டும். அந்தக் காசு யாரிடம் இருந்தது? ஆக, இரண்டு வருஷம் பூட்டிய வீடுதான்.

இப்படி வந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். 1969-ல் மட்டும் 80,000 பேர். 1973-ல் கட்டணம் 75 பவுண்டு ஆனது. 1982-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

அங்கிருந்து ஏன் கிளம்பினார்கள்? ஜெயித்த நாட்டை விட்டு இத்தனை பேர் ஓடுவார்களா என்று நமக்குத் தோன்றும். ஜெயித்தார்கள், ஆனால் வீடு இல்லை. குண்டு விழுந்த நகரங்களில் கல்யாணமானவர்கள் பெற்றோர் வீட்டு முன்னறையில் குடித்தனம் நடத்தினார்கள். போர் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து, 1954-ல்தான் கறிக்கு ரேஷன் எடுபட்டது. அந்த ஜனங்களுக்கு முன்னால் கடற்கரையும் வெயிலும் தனி வீடும் போட்ட விளம்பரத் தாளை நீட்டினால் என்ன செய்வார்கள்?

இறங்கிய இடத்தில் தகரக் கொட்டகை காத்திருந்தது. பீப்பாயை நெடுக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற ராணுவக் கொட்டகைகள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கோடையில் தகரம் கொதிக்கும். பொதுச் சாப்பாட்டுக்கூடம்; அறையில் சமைக்கக் கூடாது. அங்கே அவர்கள் ஓயாமல் சொன்ன புகார் என்ன தெரியுமா? தினமும் ஆட்டுக்கறி போடுகிறார்கள் என்பது.

மனைவி இதை நம்பவே இல்லை. "தினமும் கறியா? அதுக்கா அழுதாங்க?" பங்குனிப் பொங்கலுக்குக் கிடா வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள். அவளிடம் இதற்கு அனுதாபம் கிடைக்காது.

இன்னொரு கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. பத்துப் பவுண்டு கட்டாமல், கட்ட ஆளும் இல்லாமல், பிரிட்டன் விடுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் அனுப்பினார்கள். உன் அப்பா அம்மா செத்துவிட்டார்கள் என்று சிலரிடம் பொய் சொல்லிக் கப்பலில் ஏற்றினார்கள். பண்ணைப் பள்ளிகளில் அந்தப் பிள்ளைகள் பட்டது கொடுமை. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். மறு வருஷம் பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன். அதற்குள் அந்தப் பிள்ளைகள் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள்.

நாள் 3, செவ்வாய்

ரயில் என்றால் எனக்குக் கால் நிற்காது. அவுட்டர் ஹார்பர் என்ற துறைமுகம் வரை ஒரு பாதை போகிறது. குடியேறிகள் கப்பலிலிருந்து இறங்கிய இடம் அதுதான். கடைசி நிறுத்தம், இறங்கியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். காற்று குல்லாயைப் பிடுங்கப் பார்த்தது. தேநீர் குடிக்க இடம் தேடினோம், கிடைக்கவில்லை, அடுத்த வண்டியிலேயே திரும்பினோம்.

இங்கே இறங்கியவர்களில் ஒரு நாலு வயதுப் பெண் குழந்தையும் உண்டு. வேல்ஸில் பாரி என்ற ஊர். நெஞ்சில் சளி கட்டி அடிக்கடி நோய். வெப்பமான ஊருக்குப் போனால் குணமாகும் என்று வைத்தியர்கள் சொல்லி, 1966-ல் குடும்பமே அடிலெய்டு வந்தது. பெனிங்டன் விடுதியில் கொஞ்ச காலம். அந்தப் பெண்தான் ஜூலியா கில்லார்ட், 2010-ல் பிரதமரானார். 2013-ல் பிரதமரான டோனி அபட்டும் லண்டனில் பிறந்தவர். வெயிலுக்காக வந்தோம் என்று இவர்கள் சொல்வதைச் சும்மா சாக்கு என்று நினைத்திருந்தேன். சிலருக்கு அது மருந்துச் சீட்டு.

நாள் 4, புதன்

மழை. வெளியே போகவில்லை. மனைவி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள், திங்கட்கிழமைப் புகாருக்குப் பதில் சொல்வது போல.

சாயங்காலம் மகளோடு வேலை பார்க்கும் ஒரு ஆஸ்திரேலியர் சாப்பிட வந்தார். இங்கேயே பிறந்தவர், ஆனால் அப்பா லங்காஷயர். பிரிட்டனிலிருந்து வந்தவர்களை ஊரில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பிரிட்டிஷ்காரனுக்கு இங்கே பெயர் 'பாம்'. வெடிக்கிற பாம் இல்லை. ஆனாலும் விமான நிலையத்தில் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. வெயில் பட்டால் மாதுளம்பழம் போலச் சிவந்துவிடுவார்கள், ஆங்கிலத்தில் மாதுளைக்கு உள்ள பெயரும் குடியேறி என்ற சொல்லும் காதுக்கு ஒன்று போல ஒலிக்கும், இரண்டும் சேர்ந்து தேய்ந்து வந்த கிண்டல் இது. நூறு வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழி 'விஞ்சிங்'. நம் பாஷையில் மூக்கால் அழுவது. மூக்கால் அழும் வெள்ளைக்காரன்.

"லண்டன் விமானம் வந்து நின்றதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "இன்ஜினை அணைத்த பிறகும் முனகல் நிற்காது." அவர் அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டே வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சொல்லும் ஜோக்காம். அப்புறம் இன்னொன்று: வறண்டுபோன எதையும் 'பாமின் துண்டு போல உலர்ந்தது' என்பார்கள். குளிக்கவே மாட்டான், துண்டு எப்படி நனையும் என்பது அர்த்தம். குழாயைத் திறந்தால் பனிக்கட்டி ஊற்றும் இந்த வாரத்தில் எனக்கு அந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

2006-ல் இந்தச் சொல் விளம்பரங்களில் வரக் கூடாது என்று சிலர் புகார் கொடுத்தார்கள். விளம்பரத் தர வாரியம் பார்த்துவிட்டு, தனியாகச் சொன்னால் இதில் அவமதிப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. புகார் கொடுத்ததே மூக்கால் அழுததற்குச் சாட்சி என்று ஊர் சிரித்திருக்கும்.

ஆனால் யோசித்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. அன்று இத்தாலியரும் கிரேக்கரும் இதே கொட்டகைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வசைப் பெயர்கள். அவற்றில் சிரிப்பு குறைவு, வெறுப்பு அதிகம். பிரிட்டிஷ்காரனைத் திட்டுவது பங்காளியைத் திட்டுவது மாதிரி. "உனக்குத்தானே எல்லாச் சலுகையும் கொடுத்தோம், நீ என்னடா குறை சொல்வது?" என்ற கோபம். குறை சொன்னதும் அவர்கள்தான், ஏனென்றால் அவர்களுக்குத்தான் குறை சொல்லத் தைரியம் இருந்தது. மொழி தெரியும், சட்டம் தெரியும், ஓட்டு உண்டு, தொழிற்சங்கம் நடத்திப் பழக்கம் உண்டு. 1970களில் எந்த ஆலையில் வேலைநிறுத்தம் என்றாலும், பிரிட்டனிலிருந்து வந்த சங்கக்காரன் வேலை என்று பழி விழும்.

கறிக்குழம்பை அவர் மூன்று முறை போட்டுக்கொண்டார். புகார் எதுவும் இல்லை.

நாள் 5, வியாழன்

கவ்லர் பாதையில் மின்சார ரயில் பிடித்து எலிசபெத். நகரத்திலிருந்து வடக்கே 25 கிலோமீட்டர். ராணியின் பெயரில் 1955-ல் தென் ஆஸ்திரேலிய வீட்டு வசதி அமைப்பு எழுப்பிய ஊர். அதற்கு முன் வெறும் வயல்காடு. பேட்டைக்கொரு பள்ளி, பேட்டைக்கொரு கடைத்தெரு. எலிசபெத் வடக்கு, தெற்கு, கிழக்கு, எலிசபெத் பார்க், எலிசபெத் வேல், எலிசபெத் குரோவ் என்று எல்லாமே எலிசபெத்தான். நம் ஊரில் அண்ணா நகர், அண்ணா நகர் மேற்கு, அண்ணா நகர் கிழக்கு இருப்பது போல.

யாருக்காக எழுப்பினார்கள்? இந்த மாநிலத்தின் முதல்வராக இருந்த தாமஸ் பிளேஃபோர்டுக்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு வீடு வேண்டும். பக்கத்து சாலிஸ்பரியில் பிரிட்டனோடு கூட்டாக ஏவுகணை ஆய்வுக்கூடம் வேறு. வாடகைக்குக் கட்டி வைத்த வீடுகளுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் குடும்பங்கள். அப்பா ஹோல்டன் கார் ஆலையில், வாரச் சம்பளம், வீட்டுக்குப் பின்னால் தோட்டம். கிளாஸ்கோவின் நெரிசல் வீட்டில் மாடிப்படி ஓரத்துக் கழிவறையைப் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டவனுக்கு இது அரண்மனை. ராக் பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் கிளாஸ்கோவில் பிறந்து, சிறுவனாக 1962-ல் வந்து, இந்த எலிசபெத்தில் வளர்ந்தவர். அவர் தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் குடியும் அடிதடியும் வறுமையும்தான். கப்பலில் ஏறும்போது வெயிலும் தோட்டமும் தெரிந்தன. வீட்டுக்குள் இருந்த குடியும் அதே பெட்டியில்தான் வந்தது.

கடைத்தெருவில் பிரிட்டிஷ் பழமை ஏதாவது தெரியும் என்று தேடினேன். தெரிந்தது மூன்று ஆப்பிரிக்கக் கடைகளும் ஒரு நேபாளி மளிகையும். அந்த மளிகையில் நம் ஊர் ரவை கிடைத்தது, வாங்கிக்கொண்டோம். ரயிலடி பெஞ்சில் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் கார் ஆலையில் இருந்தாராம். 2017 அக்டோபர் 20-ல் அதை மூடினார்கள். ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தியே அன்றோடு முடிந்தது.

"திரும்பிப் போக நினைத்ததுண்டா?"

"போனேன். ஆறு மாதத்தில் திரும்பிவிட்டேன்."

"ஏன்?"

"நான் விட்டுப் போன தெரு அங்கே இல்லை. இடித்துவிட்டார்கள். மீன் வறுவல் கடைக்காரனும் செத்துப் போயிருந்தான்." பிறகு, "அங்கே என்னை ஆஸ்திரேலியன் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை" என்றார்.

வந்தவர்களில் நாலில் ஒருவர் அளவுக்குத் திரும்பிப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் மறுபடி இங்கே வந்தார்கள். 'பூமராங் பாம்' என்று அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் வைப்பதில் இவர்கள் நம்மை மிஞ்சுவார்கள்.

நாள் 6, வெள்ளி

மகளின் மருத்துவமனைக் கேண்டீன். லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி, இருபத்தெட்டு வயது. பத்துப் பவுண்டுக் கதையைச் சொன்னால் சிரிக்கிறாள். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அவள் சேமிப்பே போய்விட்டதாம்.

காரணம் கேட்டேன். வெயில் என்றாள். எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது காபியில்தான் மற்றவை வந்தன. அங்கே ஆள் பற்றாக்குறை, வார்டில் ஓட்டம், கழிப்பறைக்குப் போக நேரமில்லை. சம்பளத்தில் பாதி வாடகைக்கு. இங்கேயும் வாடகை தீ விலைதான், ஆனால் வேலை முடிந்து கடலைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சட்டமும் இவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கும் விசாவுக்குப் பிரிட்டிஷ்காரர்களின் வயது வரம்பை 2023-ல் 35-ஆக உயர்த்தினார்கள். விசாவை நீட்டிக்கப் பண்ணையில் பழம் பறிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவர்களுக்கு 2024 ஜூலையில் போய்விட்டது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2023-ல் பிரிட்டனுக்கே ஆள் அனுப்பிப் போலீஸ், ஆசிரியர், நர்ஸ் என்று அழைத்தது.

அவள் பேசிய ஒரு மணி நேரமும் தன்னைக் குடியேறி என்று சொல்லவே இல்லை. 'மாறி வந்தேன்' என்றாள், தாம்பரத்திலிருந்து மதுரைக்கு மாற்றலாகி வந்தது போல. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வாழும் வெளிநாட்டில் பிறந்தோரில் முதலிடம் இங்கிலாந்துக்கு, 9.27 லட்சம். அடுத்தது இந்தியா, 6.73 லட்சம். ஆனால் குடியேற்றம் அதிகமாகிவிட்டது என்று டிவியில் பேசும்போது பின்னால் காட்டும் முகங்களில் லீட்ஸ் முகம் ஒன்றையும் இதுவரை நான் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. நல்ல பெண்; மகளுக்கு நைட் டூட்டியில் கை கொடுக்கிறவள்.

நாள் 7, சனி

பக்கத்து வீட்டுப் பாட்டி தேநீருக்குக் கூப்பிட்டார். மனைவி முந்தாநாள் வாங்கிய ரவையில் கேசரி கிண்டி எடுத்து வந்தாள். பாட்டி வீட்டுக்குள்ளும் கம்பளிக் கோட்டோடுதான் இருந்தார்.

1965-ல் கணவரோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் கப்பல். சூயஸ், ஏடன், பிறகு கொழும்பு. கொழும்பில் ஒரு பகல் நின்றது. வாழைப்பழத்தைத் தாராக முதன்முதலில் பார்த்தது அங்கேதானாம். புடவை கட்டிய ஒரு பெண் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனதை இன்னும் சொல்கிறார். கப்பல் கொழும்பில் பழமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கன்னத்தைக் கிள்ளிய அந்தப் பெண் பத்துப் பவுண்டு இல்லை, பத்தாயிரம் கொடுத்திருந்தாலும் குடியேற ஏற்றியிருக்க மாட்டார்கள். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முழுசாக ஒழிந்தது 1973-ல்தான். நான் இதைச் சொன்னபோது பாட்டி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போது எங்களுக்கு அது தோன்றவே இல்லை" என்றார். மழுப்பவில்லை, அதனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இன்றும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார். ஆனால் ஓட்டுப் போடுகிறார். 1984 ஜனவரி 26-க்கு முன்பே பட்டியலில் பெயர் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் குடியுரிமை வாங்காமலே வாக்களிக்கலாமாம். என் மகள் பரீட்சை எழுதி, உறுதிமொழி எடுத்து, சான்றிதழ் வாங்கிய பிறகுதான் போட்டாள். பாட்டிக்கும் ஒரு குறை உண்டு. அங்கே வேலை பார்த்த காலத்துக்குப் பிரிட்டன் தரும் பென்ஷன், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு முதலில் வாங்கிய தொகையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு வருஷா வருஷம் கூடுகிறது, இவருக்கு இருபது வருஷமாக அதே பவுண்டு. "இதையும் மூக்கால் அழுவது என்பார்கள்" என்றார். பென்ஷன்காரன் என்ற முறையில் இந்தப் புகாரில் நான் முழுக்க அவர் கட்சி.

"சரி, நீங்கள் எதற்காக வந்தீர்கள்?"

"வெயிலுக்காக."

நான் சும்மா இருந்தேன். மனைவி இன்னொரு கரண்டி கேசரி போட்டாள்.

"மாமியார் வீட்டு முன்னறையில் மூன்று வருஷம் இருந்தோம். முனிசிபல் வீட்டுக்கு வரிசை நகரவே இல்லை. நான் சமைத்த உருளைக்கிழங்கை ஒரு நாள் அவர் எனக்கு முன்னாலேயே மறுபடி வேக வைத்தார். மறுநாள் விண்ணப்பம் வாங்கி வந்தேன்."

ஆங்கிலம் பாதிதான் புரியும் என் மனைவிக்கு இது முழுதும் புரிந்துவிட்டது. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

1971-ல் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவர், அம்மா போனதும் 1973-ல் மறுபடி வந்தார். இந்தத் தடவை முழு டிக்கெட், சலுகை இல்லை. இரண்டாவது முறை வந்ததற்குக் காரணம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிள்ளைக்கு அந்த ஊர்ப் பேச்சு வரவில்லை, பள்ளியில் எல்லோரும் அவன் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள் என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "உங்கள் மகள் எதற்காக வந்தாள்? மதுரையில் வெயிலுக்குக் குறைவில்லையே?" என்றார்.

சம்பளம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் வெவ்வேறு பதில் வைத்திருந்தோம் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ராத்திரி ஏழு மணி. மகள் சீருடையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பவா கேக்கறீங்க?" என்றாள். சாவியைத் தேடினாள். "டூட்டிக்கு நேரமாச்சுப்பா. ஹீட்டரைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க, கரண்ட் பில்லைப் பத்திக் கவலைப்படாதீங்க."

கார் போகும் வரை வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேசரிப் பாத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.